ஆசீர்வாதம் சாரின் சைக்கிள் பம்ப்

மாணவர் நல மையத்தைத் திறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, தமயந்தி அதை ஆசை ஆசையாகத்தான் அமைத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளிடம் ஒப்படைத்த முதல் பெரிய வேலை அது. சுவருக்கு இளநீலம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத நாற்காலிகள். மனசு சரியில்லை என்றால் உட்கார்ந்து பேச ஆள் உண்டு. தமிழில் படித்துவிட்டு வந்து இங்கிலீஷ் பாடம் புரியாமல் முழிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு உண்டு. உதவித்தொகைக்கு வழி சொல்ல, கண் தெரியாத பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட, உடம்புக்கு முடியாதவர்களை டாக்டரிடம் கூட்டிப்போக, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தாள். எல்லாமே இலவசம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகையும் வைத்தாள். 'உங்களுக்குப் பிரச்சினையா? உள்ளே வாருங்கள்.'

எதிரே கேண்டீன். எந்நேரமும் கும்பலாக நின்று டீ குடிப்பவர்கள் பார்வையெல்லாம் அந்தப் பலகை மேல்தான் இருக்கும்.

போன பருவத்தில் ஒரு பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். படிப்பை விட்டுவிட்டான் என்பதே வாத்தியார்களுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. தினமும் மையத்தைத் தாண்டித்தான் அவன் வகுப்புக்குப் போயிருக்கிறான். அதை நினைத்தால் தமயந்திக்குச் சோறு இறங்காது.

இப்போது ஒரு பெண். எதிரே பாதாம் மரத்தடியில் வந்து நிற்பாள். பலகையைப் பார்ப்பாள். போய்விடுவாள். மறுநாளும் வருவாள். ஒருநாள் தமயந்திக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் போய், என்னம்மா பிரச்சினை, வா, உள்ளே வந்து சொல்லு என்று கையைப் பிடித்துவிட்டாள். கேண்டீனே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் முகம் சிவந்து, பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றாள். அந்த ரோட்டில் பஸ்ஸே கிடையாது.

அதற்கப்புறம் அவள் மரத்தடிப் பக்கம் வரவே இல்லை. இன்னொரு பெட்டி கட்டப்படுகிறது என்று தமயந்திக்குத் தெரிந்துவிட்டது.

நேரே ஆசீர்வாதம் சார் வீட்டுக்குப் போனாள். அவளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம். முன்னறையில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவள், மாணவர் நலத் துறைக்கே தலைவி, அவர் முன்னால் போனதும் பாவாடை தாவணிப் பெண் மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டுக் கேட்டாள்.

"கதவைத் திறந்துதானே சார் வச்சிருக்கேன். ஏன் யாருமே வரமாட்டேங்காங்க?"

அவர் கீரையில் பாதியை அவள் பக்கம் தள்ளினார். ஆய்ந்து முடித்ததும், நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவளுக்குச் சாருடைய பழைய அறைதான் ஞாபகம். படிக்கட்டுக்குக் கீழே சின்ன அறை. எந்நேரமும் திறந்தே கிடக்கும். உள்ளே பாட்டில்களில் தவளையும் பாம்பும். கதவோரம், வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி, ஒரு சைக்கிள் பம்ப். சார் வீட்டிலிருந்து நடந்துதான் வருவார். ஆனாலும் பம்ப் அங்கேதான் இருக்கும். சார், பம்ப் வேணும் என்று யார் போனாலும் எடுத்துக்கோ என்பார்.

தமயந்தியும் போனாள். முதல் வருஷம், பாடம் ஒரு வரி புரியவில்லை. ராத்திரி தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுகை. ஒருநாள் எப்படியோ அந்த அறை வாசலில் போய் நின்றுவிட்டாள். சார் நிமிர்ந்து பார்த்ததும் வாயில் வந்தது அதுதான், பம்ப் வேணும் சார்.

அவளிடம் சைக்கிள் கிடையாது.

என்ன செய்ய? பம்ப்பைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் போய் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"காத்து நின்னுச்சா?" என்று கேட்டார் சார்.

"நின்னுச்சு சார்."

அப்புறம் அடிக்கடி போனாள். முன் சக்கரமா, பின் சக்கரமா என்று கேட்பார். வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். பம்ப்பை வைக்கப் போகிறபோது, அந்தப் பாட்டிலில் இருப்பது என்ன என்று பேச்சு ஆரம்பிக்கும். அப்படி ஒருநாள் பம்ப்பைக் கையில் பிடித்தபடியே, நான் படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போறேன் சார் என்று சொல்லி உடைந்து அழுதாள். அவர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அன்றிலிருந்து மூன்று வருஷமும் சாயங்காலமானால் அந்த ஸ்டூல் அவளுக்குத்தான். சாரை ஏமாற்றிவிட்டோமே என்று இத்தனை காலமும் அவளுக்குள் ஒரு வெட்கம் உண்டு.

மறுநாள் சார் வந்தார். வாசலில் நின்று பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். உள்ளே வரவில்லை. கேண்டீன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் உள்ளே போனா, எனக்கு என்ன பிரச்சினைன்னு அவங்கள்லாம் நெனைப்பாங்க தமயந்தி?"

கிண்டல் செய்கிறார் என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளும் திரும்பிப் பார்த்தாள். பத்திருபது பேர் டீ கிளாசோடு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளே வந்தவர் நீலச் சுவரையும் பார்க்கவில்லை, நாற்காலியையும் பாராட்டவில்லை. பையிலிருந்து போனையும் சார்ஜரையும் எடுத்து, சார்ஜ் இல்லை, ஆட்டோவுக்குப் போன் பண்ண வேண்டும், எங்கே சொருகலாம் என்று கேட்டார். ஜன்னலோரம் சொருகிவிட்டு உட்கார்ந்தார். வெளியே போன ஒரு பையனைக் கூப்பிட்டு, தம்பி, இங்கே சார்ஜ் போடலாம் தெரியுமா என்றார். அவன் உள்ளே வந்தான். இரண்டு பேருமாகக் கிரிக்கெட் பேசினார்கள். ஆட்டோ வந்ததும் சார் எழுந்து போய்விட்டார்.

சார்ஜர் ஜன்னலிலேயே தொங்கியது. தமயந்தி உடனே போன் செய்தாள்.

"அது அங்கயே கெடக்கட்டும்" என்றார்.

மறுநாள் அந்தப் பையன் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். தமயந்தி இன்னும் நாலு சார்ஜர் வாங்கி மாட்டினாள். பலகையைத் திருப்பிப் போட்டு முதுகில் எழுதினாள். 'இங்கே போன் சார்ஜ் போடலாம்.' பிள்ளைகள் வந்தார்கள், சொருகினார்கள், சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி போகிறபோக்கில், சாயங்கால வகுப்பு யாருக்கு மேடம் என்று கேட்டாள். ஒருவன் டாக்டர் வருகிற நாளைக் கேட்டான். தமயந்தி தானாக எதையும் கேட்கவில்லை. அவள் வாய்க்கு அது லேசான காரியமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, கேண்டீன் நிரம்பி வழிகிற நேரம், அந்தப் பாதாம் மரத்துப் பெண் நேரே ரோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"மேடம், சார்ஜ் போடணும்."

போனை நீட்டினாள். திரை வெளிச்சமாக இருந்தது. முக்கால்வாசிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

இதில்தான் இருக்கிறதே என்று தமயந்தியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே விழுங்கினாள்.

"ஜன்னல் பக்கம் காலியா இருக்கு. அங்க போடும்மா" என்றாள்.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். கூட்டம் வந்தது, போனது. அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் போனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சனிக்கிழமை ஊருக்குப் போறேன் மேடம். திரும்பி வரமாட்டேன்."

தமயந்தி ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர் இசக்கியம்மாள், கணக்குப் பாடம், முதல் வருஷம். எட்டு ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம் இருக்கிற பக்கத்திலிருந்து வந்தவள். அன்றைக்கு அவள் அழுது முடிக்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்கால வகுப்பின் கடைசி பெஞ்சில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கதவோரம் நின்று பார்த்த தமயந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே ஆட்டோ பிடித்து ஆசீர்வாதம் சார் வீட்டுக்குப் போனாள்.

முன்னறை மூலையில் அந்தப் பம்ப்பைச் சாத்தி வைத்திருந்தார். துருப்பிடித்த கைப்பிடியை அவள் தொட்டுப் பார்த்தாள்.

"சார், அன்னிக்கு எங்கிட்ட சைக்கிளே கிடையாது."

"தெரியும்" என்றார் சார்.

தமயந்தி பம்ப்பைக் கையில் தூக்கினாள்.

"அப்போ உங்க சைக்கிளுக்கு வாங்கினதையா எனக்கு அத்தனை தடவை தூக்கிக் குடுத்தீங்க?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதும்மா."