பன்னிரண்டு சரி

வாத்தியாருக்கு வேலைக்குத்தான் ஓய்வு உண்டு, வாய்க்குக் கிடையாது. நயினார் சாரைப் பார்த்த முதல் நாளே எனக்கு இது விளங்கிவிட்டது.

கோவில்பட்டிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் சனிக்கிழமை தோறும் நடக்கும் கவுன்சிலிங் வகுப்பில் சேர்ந்திருந்தார். நானும் அதில்தான் படித்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை எனக்கு. சொல்லிக்கொடுத்த ரெஜினா மேடத்துக்கு எங்கள் இரண்டு பேரையும்விட வயது குறைவு.

பயிற்சி என்றால் மூன்று நாற்காலிகள். ஒன்றில் மனக்குறை சொல்ல வந்தவர், எதிரில் கேட்பவர். மூன்றாவதில் இருப்பவர் வாயே திறக்காமல் கவனித்துத் தாளில் குறிக்க வேண்டும். கேட்டதைத் தன் வார்த்தையில் சொல்லிச் சரிபார்த்தாரா, நடுவில் குறுக்கிட்டாரா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். கடைசிக் கேள்வி, ‘முடிவில் வந்தவர் என்ன சொன்னார்?’

நயினார் சார் கேட்பவராக உட்கார்ந்தால் மூன்றாவது நாற்காலி எனக்கு. வந்தவராக நடிப்பவர் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் சாருக்கு நோயும் தெரிந்துவிடும், மருந்தும் தெரிந்துவிடும். அப்புறம் பழமொழியாகக் கொட்டுவார். வயதில் பெரியவர், மனசு நோகக்கூடாது என்று நான் தாராளமாக டிக் போட்டேன். பாவி, போட்டேனே.

பன்னிரண்டு பயிற்சிகள் முடிந்ததும் அவர் மேடத்திடம் போனார்.

“எனக்குச் சர்டிஃபிகேட் எப்போ மேடம்?”

மேடம் பன்னிரண்டு தாள்களையும் மேசையில் பரப்பினார்.

“கடைசி வரியை மட்டும் படிங்க சார்.”

“‘சரி சார்’ என்றார். ‘சரிங்க சார்’ என்றார். ‘சரி’ என்றார்…” சார் தலை நிமிர்ந்தார். “பன்னிரண்டு பேருக்கும் திருப்திதான் மேடம்.”

“திருப்தின்னு யார் சொன்னா?”

“பின்னே? என் மக செண்பகத்தையே எடுத்துக்கோங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. செண்பகம் கதையை அவர் வகுப்பில் ஏற்கெனவே நாலு தடவை சொல்லிவிட்டார். கல்யாணமாகி ஆறே மாதத்தில் ஓசூரிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தாளாம். இவர் நாலே நிமிடம் பேசினாராம். அழுகை நின்று, ‘சரிப்பா’ என்று வைத்துவிட்டாளாம். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு புகார் கிடையாதாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன், ‘நல்லா இருக்கேம்பா’ என்று.

இந்தத் தடவையும் மேடம் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்தார்.

“இந்த நாற்காலிக்கு வாங்க சார். இப்போ நீங்கதான் செண்பகம். நான் நயினார் சார்.”

சார் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

“அன்னைக்கு உங்க மக முதல்ல சொன்னது என்ன?”

“‘அப்பா, நேத்து இங்க’ன்னு ஆரம்பிச்சா.”

“அதையே சொல்லுங்க.”

“அப்பா, நேத்து இங்க…”

“தெரியும்மா. வீடுன்னா நாலு பாத்திரம் உருளத்தான் செய்யும்.”

அச்சு அசல் நயினார் சார். தொண்டையைச் செருமுவதுகூட அப்படியே. எல்லாரும் சிரித்தோம்.

“இல்லப்பா, அவரு…”

“கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும். உங்க அம்மா என்கிட்ட முப்பது வருஷம் குப்பை கொட்டலையா?”

“நான் அங்க வந்து ரெண்டு நாள்…”

“பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா ஊர் என்ன பேசும்? பொறுத்தார் பூமியாள்வார். என்னம்மா, புரியுதா?”

சார் வாயைத் திறந்தார். அவர் கை நாற்காலிப் பிடியைத் தேடியது. யாரும் சிரிக்கவில்லை.

“சரிப்பா,” என்றார்.

அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார்.

“அந்த ‘நேத்து’ அங்க என்ன நடந்திருக்கும் மேடம்?”

“உங்களுக்குத் தெரியாதா சார்?”

இல்லை என்று தலையசைத்தார். இரண்டு வருஷமாக அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேடம் அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். “இதே கதையை நாலு தடவை சொன்னீங்க. நானும் தலையாட்டிக் கேட்டேன். சொல்லிக்கொடுக்கிறவளுக்கே உறைக்கலை. என்னை மன்னிச்சிருங்க சார்.”

நான் மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தேன். ‘நடுவில் குறுக்கிட்டாரா?’ என்பதற்குப் பன்னிரண்டிலும் ‘இல்லை’ என்று என் கையெழுத்து. வெட்கமாக இருந்தது.

“இப்போ நான் அவகிட்ட என்ன பேசணும் மேடம்? எழுதிக் குடுங்க, அப்படியே மனப்பாடம் பண்ணிடறேன்.”

“‘அன்னைக்கு நான் உன்னைப் பேச விடலம்மா’ன்னு சொல்லுங்க.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“ஒரு ஆறுதல்…”

“வேண்டாம். அவங்க பேசினாலும் சரி, பேசாட்டாலும் சரி, நீங்களா போனை வைக்கக்கூடாது.”

அடுத்த சனிக்கிழமை சார் நேரம் கழித்து வந்தார். ஷேவ் செய்யாத முகம். வழக்கமாக உள்ளே வரும்போதே எல்லாருக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார். அன்று நேராக வந்து மேடத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“சொன்னேன் மேடம். நீங்க சொன்னதை மட்டும்தான் சொன்னேன்.”

“ம்.”

“ஒண்ணுமே பேசலை. ஏழெட்டு நிமிஷம் இருக்கும். லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன், கட்டாகலை. மூச்சு விடறது கேட்டுது. வாய் வரைக்கும் வந்துது மேடம், ஏதாவது சொல்லுடான்னு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.”

மேடம் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

“கடைசியில ‘பால் பொங்கிடுச்சுப்பா’ன்னா. வச்சுட்டா.”

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“பேச வந்தப்ப நான் விடலை. இப்போ விட்டா, பேச அவகிட்ட ஒண்ணும் இல்லை. இத்தனை வருஷம் ஊர்ப்பிள்ளைங்களுக்கு எல்லாம் நான்தான் வாத்தியார். பெத்த மகளோட ஒரு வாக்கியத்தை முடிக்க விடலை. எல்லாம் போச்சு மேடம்.”

ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. மடியில் கிடந்த தாளில் ஒரு டிக்கும் விழவில்லை.

மேடம் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளும்வரை காத்திருந்தார்.

“அடுப்புல பாலை வச்சுட்டு, அது பொங்கி வழியிற வரைக்கும் போனை வைக்காம நின்னிருக்காங்களே சார்.”

நயினார் சார் வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.