ஆயிரம் வீட்டுக்கு ஒரே அடுப்பு

“நாளைக் காலை ஒரே முகூர்த்தத்தில் ஆயிரம் வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறேன். காலைப் பலகாரம் ஆறுவதற்குள் மன்னர் அரண்மனை திரும்பிவிடலாம்!”

முன்னொரு காலத்தில் நிறைந்த சபையில் இப்படிச் சவால் விட்டான் வெண்காடன் என்ற விகடன். அதைக் கேட்டுத் தூண்கள் சிரித்தன என்பார்கள். அது குறைத்துச் சொல்வது. கூரையும் சேர்ந்துதான் சிரித்தது.

விஷயம் இதுதான். அந்த நாட்டில் வீடு கட்ட நினைப்பவர், அரச முத்திரை சுட்ட கருங்காலி முளை ஒன்றை அனுமதியாக வாங்கிப்போய்த் தம் மனையில் அடிக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. எத்தனை முளை போகிறது என்று பார்த்தே மன்னர் நாட்டின் நாடி பிடிப்பார். “நாளைக்குச் சோறு உண்டு என்று நம்புகிறவன்தான் வீடு கட்டுவான். அவன் கட்டினால் கொத்தனுக்கு வேலை, சூளைக்கு நெருப்பு, வண்டிக்காரனுக்கு ஓட்டம்” என்பார். நல்ல கணக்குத்தான்.

மழை பொய்த்தது. முளை கேட்க ஆளில்லை. மன்னர் முகம் வாடினால் தம் பதவியும் வாடிவிடும் என்று மந்திரி செண்டலங்காரருக்குப் பயம். ‘கேட்டவருக்கெல்லாம் முளை இனாம்’ என்று பறையறைவித்தார். கருங்காலியாச்சே, சும்மா விடுவார்களா? சனம் முண்டியடித்தது. முளைக்கு ஒரு முரசடி என்று அடித்து அடித்து, முரசுக்காரன் கை முழங்காலுக்குக் கீழே நீண்டுவிட்டது!

மன்னர் பூரித்துப்போனார். “ஆயிரம் முளை! நாடு கொழிக்கிறது. இனி ஏழைகளுக்குக் கஞ்சித் தொட்டி எதற்கு? எல்லாவற்றையும் மூடுங்கள்.”

அப்போதுதான் வெண்காடன் எழுந்து அந்தச் சவாலை விட்டான்.

“ஓய், ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சினாலே நீர் பாயசம் தீரும்வரை நகரமாட்டீர். ஆயிரமா? நடக்கவே நடக்காது” என்றார் மந்திரி.

“செய்தால் கேட்டதைத் தருகிறேன். தவறினால் நாட்டைவிட்டே நடையைக் கட்டு” என்றார் மன்னர்.

விடிந்ததும் ஊர்வலம் கிளம்பியது. வழியில் செங்கல் சூளை. அதற்குள் ஒரு நாய் குட்டிகளோடு படுத்திருந்தது.

“ஆயிரம் வீடு எழும்பும்போது சூளை ஏன் அணைந்திருக்கிறது?” என்று கேட்டார் மன்னர்.

“பிள்ளை பெற்றவளை எழுப்ப மந்திரியாருக்கு மனம் வரவில்லை போலும், மன்னா” என்றான் வெண்காடன்.

மந்திரி வேறு பக்கம் பார்த்தார்.

வெண்காடன் நேரே வற்றிய ஏரிக்குள் கூட்டிப்போனான். தரை முழுக்க முத்திரை முளைகள். ஒவ்வொன்றிலும் கட்டிய ஒரு மாடு, விலா எலும்பு தெரிய, காய்ந்த கோரையைக் கடித்துக்கொண்டிருந்தது.

“புது வீட்டுக்குள் முதலில் பசுவைத்தானே விடுவோம்? இங்கே பசு முந்திக்கொண்டு குடியே வந்துவிட்டது. வலது காலை எடுத்து வையுங்கள், மன்னா. பார்த்து, அது கூடம்!”

நடுவில் மூன்று கல் வைத்து ஒரு பானைப் பாலை ஏற்றினான். பால் பொங்கியது. “ஆயிற்று. வீட்டுக்கு வீடு சுவர் இல்லாததால் ஒரே அடுப்பில் முடிந்துவிட்டது.”

“அக்கிரமம்!” என்று குதித்தார் மந்திரி. “இது வீடா? மாட்டைக் கட்டிய முளை!”

“நேற்றுவரை முளையை வீடென்று எண்ணியவர் நீங்கள்தானே, ஐயா? வீடில்லை என்றால் நாடு கொழிக்கவில்லை. தொட்டியை மூட முடியாது. வீடுதான் என்றால் நான் ஜெயித்தேன்; நான் கேட்கப்போவதும் அதே தொட்டிகள்தான். உங்களுக்கு எது வசதி?”

மன்னர் மாடுகளின் விலாவைப் பார்த்தார். மந்திரியின் முழியைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், ஏரிக்கரைப் பனைகளில் இருந்த நுங்கெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது! தம் பட்டுச் சால்வையை வெண்காடன் தோளில் போட்டார். “தொட்டிகள் மூடப்படா. இன்னும் நூறு திறக்கட்டும். மழை பெய்து, சூளை புகைந்த பிறகு முளையை எண்ணுவோம்.”

பிறகு மந்திரி பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். இவன் ஆயிரம் வீட்டுக்குப் பால் காய்ச்சியது நடந்ததா, இல்லையா? இல்லை என்றால் என்னிடம் பொய்க்கணக்குச் சொன்னவர் ஆவீர்.”

செண்டலங்காரர் கைகூப்பினார்.

“நடந்தது, மன்னா. ஆயிரத்துக்கும் நடந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.”