கல் ஊறிய தண்ணீர்

சிறுமலை அடிவாரத்து மடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஒருநாள் அதற்குள் அடுக்கி வைத்திருந்த கற்கள் சரிந்து, ஒரு தங்கமீன் நசுங்கிச் செத்துப்போனது. மிச்ச மீன்களை அண்டாவுக்கு மாற்றிவிட்டு, மடத்தை நடத்திவந்த செண்பகவல்லி தாயார் தம் சீடர் காளத்தியைக் கூப்பிட்டார்.

காளத்தி கொத்தனார். தாயாரைவிட வயதில் மூத்தவர். தாயில்லாமல் தானே வளர்த்த மகளை ஒரு கோபத்தில் அடித்துவிட்டார். அவள் புருஷனோடு போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் துக்கம்தான் அவரை மடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

"கல்லையெல்லாம் சேர்த்துப் பூசி ஒரு குகை மாதிரி கட்டிக் கொடுங்க கொத்தனாரே. இனிமே சரியக் கூடாது."

"கட்டிடலாம் தாயே. எந்த சிமென்ட் போடறது? தண்ணி புகாத மருந்து கலந்தது இருக்கு. சட்டுனு இறுகுறது இருக்கு. கறுப்புச் சாயம் சேர்த்தா அசல் பாறையேதான்."

"சாயம் யாருக்கு?"

"பாக்கிறவங்களுக்கு."

"உள்ளே இருக்கப்போறது யாரு?"

காளத்தி தலையைச் சொறிந்தார். "அப்போ சாதா சிமென்ட், கழுவின மணல். வேற ஒண்ணும் கலக்கலை."

குகை நன்றாகவே வந்தது. அதை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் இறக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டார். கட்டடம் எழுப்பினவனுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லித்தரவா வேண்டும்? குறையக் குறைய ஊற்றினார். ஊறின தண்ணீரை மட்டும் கொட்டவேயில்லை. கொட்டுவானேன், தண்ணீரிலேயே கிடந்தால்தானே இறுகும்?

இறுகியது. சுண்டிப் பார்த்தால் கிண்ணென்றது. தாயாரை அழைத்துவந்து காட்டினார்.

"சம்மட்டியால அடிச்சாலும் அசையாது. மீனை விட்டுடலாம் தாயே." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணும் கேக்கணும்."

"கேளுங்க."

"மகளுக்குப் போன் போடலாமா? மாசமா இருக்காளாம். தலைப் பிரசவம் பொறந்த வீட்டுலதானே நடக்கணும். இங்க வந்ததுலேருந்து நான் ஒருத்தரையும் ஒரு சொல்லு சொன்னதில்லை. மனசு கெட்டிப்பட்டுடுச்சு தாயே."

தாயார் ஒரு டம்ளரை எடுத்துத் தொட்டித் தண்ணீரை முகந்து வாய்க்குக் கொண்டுபோனார்.

காளத்தி பாய்ந்து கையைப் பிடித்தார். "ஐயோ, வேண்டாம்! நாக்கு வெந்துபோகும். எங்க ஆளுங்க விரலைப் பாத்ததில்லையா? சிமென்ட் தண்ணி தோலையே அரிச்சுடும்."

"பாக்கத் தெளிவா இருக்கே."

"சுண்ணாம்புக் காரம் கண்ணுக்கா தெரியும்?"

"கல்லு இறுகிப்போச்சுன்னீங்க."

"இறுகித்தான் போச்சு. ஆனா உள்ளேருந்து..." காளத்தி பாதியில் நிறுத்தினார்.

தாயார் வளர்ப்பு மீன் கடையில் வாங்கிய, தண்ணீரின் காரத்தை நிறத்தில் காட்டும் மருந்துக் குப்பியை அவரிடம் கொடுத்தார். "இதைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணி ஊத்துங்க. ஊறினதும் அதையும் கொட்டுங்க. கிணத்துத் தண்ணியில இந்த மருந்து கொஞ்சம், கல்லு ஊறின தண்ணியில கொஞ்சம் விட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே நிறமா நிக்கிற வரைக்கும் மாத்துங்க."

காளத்தி கொட்டினார், ஊற்றினார். கிணற்றுத் தண்ணீர் இளம்பச்சையில் நின்றது. கல் ஊறிய தண்ணீர் ஒவ்வொரு தடவையும் கருநீலமாகத் திரிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. கிணற்று ராட்டினச் சத்தம் காதிலேயே தங்கிவிட்டது.

ஒருநாள் காலை, சமையற்காரர் பொன்னையா அந்தப் பக்கம் வந்தார். "என்ன கொத்தனாரே, கல்லைக் குளிப்பாட்டி முடியலையா? மஞ்சள் பூசி மாலை போட வேண்டியதுதான் பாக்கி!"

காளத்தி வாளியை ஓங்கினார்.

வாளி அந்தரத்தில் நின்றது. கீழே பொன்னையா தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்திருந்தார். இதே மாதிரிக் குனிந்த இன்னொரு தலை காளத்தியின் கண்ணில் வந்து போயிற்று. வாளியைக் கீழே வைத்தார். பொன்னையாவின் கையைத் தொடப் போனார். அவர் பின்வாங்கினார்.

தாயார் அண்டாவருகில் மீன்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார். காளத்தி வந்து நின்றார்.

"கை ஓங்கிட்டேன் தாயே."

"பாத்தேன்."

"தனியாக் கிடக்கிறதாலதான் இப்படி ஆகுது. மக முகத்தைப் பாத்தா அடங்கிடும். வரட்டும் தாயே, பிரசவம் வரைக்கும் கூட இருக்கட்டும். நான் மாறிட்டேனா இல்லையான்னு அப்பத் தெரிஞ்சுபோகும்."

தாயார் இரையை முழுக்கத் தூவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கல்லு எப்படி இருக்குன்னு பாக்கிறதுக்கு மீனையா விடுவாங்க, கொத்தனாரே?"