அழுக்குத் தெரியாத நிறம்

தப்பு உம்முடையதுதான். பெயர் சொல்ல மாட்டேன். உம் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் மட்டும் புது வர்ணம் அடிக்காமல் நிற்கிறது. அதன் எதிரே உட்கார்ந்துதான் இதை வாசிப்பீர்.

போன வருஷம் உம் வீட்டில் சுவர், கதவு, படி, தரை, சுவிட்சுப் பலகை எல்லாம் ஒரே சந்தன நிறமாக இருக்கட்டும் என்று யோசனை சொன்னவன் நான். பேச்சில் யாரையும் மடக்கிவிடுவேன். நிறம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் ஐம்பது வயதில், வர்ணம் அடிக்கும் புஷ்பம் மேஸ்திரியிடம் சீடனாகச் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இருந்தாலும் குரு குருதான்.

மாசி மாதம் எங்களைக் கூப்பிட்டீர். யாரோ சுவர் நெடுகக் கையைத் தேய்த்துப் பாழாக்குகிறார்கள் என்றீர். வீட்டுவேலை செய்த பெண்ணை அதற்காகவே நிறுத்தியாயிற்று, பேரப்பிள்ளைகளை அதட்டியாயிற்று, அழுக்கு நின்றபாடில்லை. அழுக்குத் தெரியாத நிறமாக ஒன்று அடியுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டீர்.

கீழ்ப்பாதிக்குக் காப்பிக்கொட்டை நிறம் என்று நான் உடனே தீர்ப்புச் சொன்னேன். மேஸ்திரி கேட்டுக்கொள்ளவில்லை. குனிந்து அந்தக் கறையை மோந்து பார்த்தார்.

"மஞ்சப்பொடி. நல்லெண்ணெய். சமையல் செய்ற கை."

"எந்தக் கையா இருந்தா என்ன மேஸ்திரி? மூடப்போறதுதானே."

"இம்புட்டு உயரத்துலயா பிள்ளைங்க கை எட்டும், அண்ணாச்சி?"

கறை சமையல்கட்டு வாசலில் தொடங்கி ஒரே கோடாக ஓடியது. சுவிட்சுப் பலகையைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தடித்திருந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, இதுக்கு எந்த நிறம்தான் அடிக்கணும்?"

மேஸ்திரி என்னைச் சமையல்கட்டு வாசலில் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, கறைமேல் கையை வைத்துக் கூடம் வரை நடக்கச் சொன்னார். இதென்ன கண்ணாமூச்சியா என்று முனகிக்கொண்டே நடந்தேன். ஓரிடத்தில் கறை சட்டென்று கீழே இறங்கியது. என்னவென்று யோசிப்பதற்குள் கால் தவறி, முட்டிபோட்டு விழுந்தேன்.

கண்ணைத் திறந்தால், கூடத்துக்கு இறங்கும் படி. அதுவும் சந்தனம், தரையும் சந்தனம். திறந்த கண்ணுக்கே அது படியாகத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு உம் மனைவி வந்தார். வலது கை சுவரில் இருந்தது. சாத்தி வைத்திருந்த எங்கள் ஏணியைப் பார்த்துக் கேட்டார்:

"அடி பட்டுருச்சாய்யா?"

நான் கிடந்ததோ தரையில்.

மேஸ்திரி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். மெதுவாகத்தான் பேச்சு வந்தது. இரண்டு வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம். கதவு பச்சையாக இருந்தவரை வழி தெரிந்ததாம். எல்லாம் சந்தனமான பிறகு சுவர் எது, வாசல் எது என்று கைதான் சொல்கிறதாம். தினமும் துடைக்கத்தான் செய்கிறாராம். கறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே.

"அவுககிட்ட சொல்லிராதீங்க. அப்புறம் அடுப்புப் பக்கமே விடமாட்டாக." மஞ்சள் படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளைய நிப்பாட்டுன அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லலையே நான்."

சொல்ல மாட்டேன் என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "கதவுக்குப் பழைய பச்சை. படி விளிம்புக்குச் செவப்பு. சுவிட்சுப் பலகைக்குக் கறுப்பு."

"கண்ணுக்குக் கோரமா இருக்குமே மேஸ்திரி."

"யார் கண்ணுக்கு, அண்ணாச்சி?"

நான் தூரிகையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனேன்.

எல்லாம் அடித்து முடித்தோம். கறை உள்ள சுவரை மட்டும் மேஸ்திரி தொடவிடவில்லை. நீர் வந்தீர். பச்சைக் கதவையும் சிவப்புப் படியையும் பார்த்து, இது வீடா சர்க்கஸ் கூடாரமா என்றீர். நான் கேட்டது இந்த ஒரு சுவர், அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கெடுத்துவைத்திருக்கிறீர்களே என்று குதித்தீர். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. உமக்கு அது கேட்டிருக்காது.

மேஸ்திரி குரலை உயர்த்தவில்லை.

"அந்தச் சுவருக்கு நிறம் நீங்கதான் சொல்லணும் ஐயா. கண்ண மூடிக்கிட்டு, அந்தக் கறைமேல கைய வச்சு, சமையல்கட்டுலருந்து கூடம் வரைக்கும் ஒரு தடவை நடந்து வாங்க. வந்து எந்த நிறம் சொன்னாலும் அடிக்கிறோம்."

கிறுக்குத்தனம் என்றீர். மாதம் ஒன்றாயிற்று. நீர் இன்னும் நடக்கவில்லை.

வாக்குக் கொடுத்தது மேஸ்திரி. நான் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியை நான் விடுவேனா? சந்தனம் என் தப்பு. என் கையாலேயே அதை மாற்றிவிட்டேன். உம் பங்கு அப்படியே நிற்கிறது.

எழும். கண்ணை மூடும். சுவரில் கையை வைத்து நடந்து வாரும். படி வரும், பார்த்து. கூடத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்த வேலைக்காரப் பெண்ணுக்கு ஆள் அனுப்பும். உம் மனைவியைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்.

நிறத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.