கழுத்து நீண்ட காளான்

“ஏனுங் டீச்சர், நான் இன்னும் என்னதான் செய்யோணும்?”

சென்னியப்பன் தூக்குப்போசியைத் திறந்து மேசைமேல் வைத்தார். உள்ளே அவர் வீட்டில் விளைந்த சிப்பிக் காளான். சிப்பி என்று பெயர்தான். தண்டு ஒரு சாண் நீளம் இருந்தது. அதன் உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தலை.

எமிலி எட்டிப் பார்த்தார்.

உடுமலைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புக்குள் எமிலி காளான் குடில் வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். காளான் வித்து விற்பார், வாரம் ஒருநாள் வகுப்பெடுப்பார். அந்தப் பக்கம் காளான் டீச்சர் என்றால் எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் பேசுவதோடு சரி. மற்ற நேரத்தில் அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

சென்னியப்பன் தான் செய்ததையெல்லாம் ஒப்பித்தார். வைக்கோலை அவித்தது, ஆற வைத்தது, அடுக்கடுக்காக வித்து போட்டது, பை முழுக்க வெள்ளை பரவும்வரை இருட்டில் வைத்தது, பிறகு அறையில் தொங்கவிட்டு ஐந்து வேளை தண்ணீர் தெளித்தது. வகுப்பில் சொன்ன எதையும் அவர் விடவில்லை. மூன்று முறை போட்டாகிவிட்டது. மூன்று முறையும் இதே கழுத்துதான் வந்தது.

“நார் மாதிரி இருக்குதுங். சம்சாரம் வாயில வெச்சதும் துப்பிப்போடறா.”

எமிலி எழுந்தார். கால்விரல்களில் ஊன்றி நின்று, முகவாயைத் தூக்கி, கழுத்தை நீட்டிக் கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

“இதுதாங்ணா,” என்றார்.

அறுபத்திரண்டு வயது ஆளிடம் இது என்ன விளையாட்டு என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. கோபப்படலாம்தான். அதற்கும் தெம்பு வேண்டுமே. தூக்குப்போசியை மூடினார்.

“கடைசியா ஒரு வைக்கோல் படுக்கைதானுங் மிச்சம். டாக்டர் அடுத்த வாரம் வரைக்குந்தான் பார்க்கறேன்னுட்டாரு.”

எமிலி நிமிர்ந்து பார்த்தார்.

“வியாழக்கிழமை வீட்டுக்கு வர்றேன்,” என்றார்.


விஷயம் இதுதான். சென்னியப்பனின் மனைவி சரசாத்தாள் பக்கவாதத்தில் விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் அசையும்.

அவள் சாப்பிடுவதில்லை. கஞ்சி மூன்று ஸ்பூன் இறங்கும். நான்காவதுக்கு உதட்டை இறுக்கிக்கொள்வாள். கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் அவர் பார்த்துவிட்டார். இந்தப் பதினான்கு மாதத்தில் அவளாகப் பசி என்று ஒருநாளும் காட்டியதில்லை. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் சரசாத்தாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரே ஒருநாள், எமிலியின் தோப்புக் காளானை மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தபோது, ஒரு கிண்ணம் காலியானது. அன்று அவர் அடுப்படியில் நின்று அழுதார்.

அந்தக் காளானையே தினமும் வாங்கலாமே என்றால், தோப்பு இருபது கிலோமீட்டர். பக்கத்து வீட்டம்மா வந்து உட்காரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான் அவரால் வீட்டைவிட்டு வெளியே போக முடியும். பறித்த காளான் மறுநாளே வாடிவிடும். சரி, வீட்டிலேயே வளர்த்துவிடுவோம் என்று இறங்கினார்.

இறங்கினால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். நூல் ஓடுகிற ஹாலில் காற்று ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிற பிளாண்ட் அவர் பொறுப்பு. ஈரம் குறைந்தால் இழை அறும். யாராவது ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், நூறு இடத்தில் அறும். சென்னியப்பன் வருகிறார் என்றால் ஹாலில் அத்தனை பேரும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். மூடுகிற வேலையில் அவரை மிஞ்ச அந்த மில்லில் ஆள் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்குமா?


வியாழக்கிழமை எமிலி வந்தபோது தெருவில் ஆடிக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் எல்லாம் அடங்கிவிட்டது. வீட்டில் இலைகூட அசையாது. கதவடியில் சாக்கு, ஜன்னல் இடுக்குகளில் பழைய வேட்டித் துணி.

முதல் மாதமே சரசாத்தாளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்று சென்னியப்பன் விளக்கினார். எமிலி தலையாட்டினார்.

சரசாத்தாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்து முக்காலியில் காலைக் கஞ்சி ஆடை கட்டிக்கிடந்தது. அவளைத் தாண்டித்தான் சாமான் ரூமுக்குப் போக வேண்டும். காளான் அங்கேதான்.

சென்னியப்பன் கதவைத் திறந்து காட்டினார். இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் மேலேயும் பாலித்தீன் ஷீட். ஆள் உள்ளே நின்று தண்ணீர் தெளிக்கலாம். தரையில் ஆற்று மணல், சுற்றிலும் நனைத்த சாக்கு, மேலே ஒரு டியூப்லைட். ஷீட் சேர்கிற இடமெல்லாம் டேப். டேப்பின் மேல் இன்னொரு டேப். நடுவில் கடைசிப் படுக்கை, முழுக்க வெள்ளை பரவி, உறி கட்டித் தொங்கியது.

“தொண்ணூறு பர்சன்ட் ஈரம்,” என்றார். மீட்டரைத் துடைத்துக் காட்டினார். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு இன்னும் கர்வம் இருந்தது.

எமிலி ஒரு ஸ்டூல் கேட்டார். அதை ஷீட்டுக்குள் போட்டு உட்கார்ந்தார். அவரையும் உள்ளே வந்து மூடச் சொன்னார்.

மூடினார். மணல்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எமிலி சட்டென்று எழுந்து ஷீட்டை விலக்கி வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

சென்னியப்பன் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களா?”

“என்னதுங் தெரியோணும்?”

எமிலி அவரை அப்போதுதான் முதல்தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மழிக்காத தாடி, கண்ணுக்குக் கீழே கருப்பு, தோளில் ஈரத் துண்டு. எழுந்திருக்கவும் அவர் சட்டத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“நீங்க கடைசியா எப்ப உக்காந்தீங்க?”

“இப்பத்தானே உக்காந்தேனுங்.”

“அதுக்கு முன்னால?”

சென்னியப்பன் யோசித்தார். நிற்க நேரம் இல்லாதவனிடம் உட்கார்ந்த கணக்கைக் கேட்டால் என்ன சொல்வது?

அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிட்டது. அவர் ஓடினார்.

சரசாத்தாளின் இடது கை உயர்ந்திருந்தது. விரல்கள் ஜன்னல் பக்கம் நீண்டிருந்தன.

“வந்துட்டனம்மிணி, வந்துட்டேன்.”

சென்னியப்பன் ஜன்னலுக்குப் போனார். இடுக்கில் இருந்த துணியைக் கட்டைவிரலால் இன்னும் உள்ளே அழுத்தினார். போதாதென்று தோளில் கிடந்த துண்டையும் மடித்துச் செருகினார். அவள் கை இறங்கவில்லை. ஒரு போர்வையை எடுத்துவந்து கழுத்துவரை போர்த்திவிட்டார். கை அப்போதும் இறங்கவில்லை. பிறகு தானாகச் சோர்ந்து விழுந்தது.

“குளிருதுன்னு சொன்னாங்களா?” எமிலி வாசல்படியில் நின்று கேட்டார்.

“பேச்சு ஏதுங்? கையைக் காட்டுவா. நாளைக்குப் பத்துத் தடவை இப்படித்தான். எவ்வளவு அடைச்சாலும் அவளுக்குப் பத்தறதில்லீங்.”

எமிலி சரசாத்தாளைப் பார்த்தார். சரசாத்தாள் எமிலியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

எமிலி சாமான் ரூமுக்குத் திரும்பிப் போய்ப் பையிலிருந்து பிளேடை எடுத்து நீட்டினார்.

“ஷீட்ல ஒரு ஓட்டை போடுங்க. உள்ளங்கை அகலம். ஒண்ணு போதும். கொசுவலைத் துணியை மேல ஒட்டிக்கலாம். இந்த ரூம் ஜன்னலையும் ஒரு விரல் அளவு திறந்து வைங்க.”

சென்னியப்பன் பிளேடை வாங்கவில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

“ஈரம் போயிருமுங் டீச்சர்.”

“போனா தண்ணி தெளிச்சுக்கலாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் செய்யாதீங்க. காளான் வந்ததும் அது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு மட்டும் பாருங்க.”

“பார்த்து?”

எமிலி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.


ஓட்டை போட்டு, சாமான் ரூம் ஜன்னலை ஒரு விரல் திறக்க அவருக்கு ஒருநாள் ஆனது. போட்ட பிறகு மீட்டர் எண்பதுக்கு இறங்கியது. இரண்டு முறை டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒட்டப் பார்த்தார். இரண்டு முறையும் சரசாத்தாளுக்குத் துணி மாற்ற வேண்டிவந்து பாதியில் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு டேப் எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோனது. களைப்பும் சில நேரம் நல்லது செய்யும்.

மூன்றாம் நாள் மொட்டு வந்தது. குண்டூசித் தலைபோல் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. படுக்கையின் மற்ற பக்கமெல்லாம் வெறுமையாக இருந்ததால், இதுவும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டு அவர் கஞ்சி காய்ச்சப் போனார்.

ஆறாம் நாள் காலை பத்து மணி. அன்று மத்தியானம் டாக்டர் வருகிறார். சரசாத்தாள் இரண்டாவது ஸ்பூனிலேயே உதட்டை மூடிவிட்டாள். கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டு, தண்ணீர் தெளிக்க சாமான் ரூமுக்குள் போனார் சென்னியப்பன்.

ஷீட்டை விலக்கியவர் அப்படியே நின்றார்.

காளான் விரிந்திருந்தது. அகலமாக, கனமாக, பால் நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. தண்டு எங்கே என்று தேடத்தான் வேண்டியிருந்தது. அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

ஓட்டையின் பக்கம்.

அவர் நம்பவில்லை. சுற்றிவந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். அடியில் ஒரு சின்ன மொட்டு படுக்கைக்குப் பின்பக்கம் முளைத்து, இடம் போதாமல் வளைந்து வளைந்து, அதுவும் ஓட்டையைப் பார்த்துத்தான் வந்திருந்தது. அதன் கழுத்து மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது.

சென்னியப்பன் அந்தக் கழுத்தைப் பார்த்தார். எமிலி கால்விரலில் நின்று கூரையைப் பார்த்தது ஞாபகம் வந்தது. காலை நேரத்து மில் பஸ்ஸில், நசுக்குகிற கூட்டத்துக்கு நடுவே, தானும் எத்தனையோ நாள் காற்றுக்காக அப்படிக் கழுத்தை நீட்டி நின்றது ஞாபகம் வந்தது.

அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

அவர் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே திரும்பிக் கதவு வழியாகப் பார்த்தார்.

சரசாத்தாளின் கை உயர்ந்திருந்தது. மெலிந்த கை. விரல்கள் ஜன்னலை நோக்கி நீண்டிருந்தன.

நாளைக்குப் பத்துத் தடவை. பதினான்கு மாதம்.

“அம்மிணி,” என்றார்.

ஜன்னலுக்குப் போனார். முதலில் துண்டை உருவினார். பிறகு வேட்டித் துணியை. அழுத்தி அழுத்தி வைத்ததில் அது கட்டியாகிக் கிடந்தது. நகத்தால் கிளற வேண்டியிருந்தது. கொண்டி துருப்பிடித்துப் போயிருந்தது. உள்ளங்கையால் ஓங்கி இரண்டு அடி அடித்தார்.

ஜன்னல் திறந்தது.

ஆடிக் காற்று வீட்டுக்குள் ஏறியது. காலண்டர் படபடத்தது. புழுதி வந்தது. தெருக்குழாயில் யாரோ யாரையோ திட்டுகிற சத்தமும், எங்கேயோ தாளிக்கிற கடுகு வாசமும் வந்தன. சரசாத்தாளின் நரைத்த முடி நெற்றியில் பறந்தது. அவள் கண்ணை மூடி, மூக்கு விரிய, மார்பு உயர, மூச்சை இழுத்தாள்.

கை தானாக இறங்கியது.

சென்னியப்பன் கட்டிலின் ஓரத்தில், அவள் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டார். அவரும் இழுத்தார். அந்த வீட்டில் அவ்வளவு நாளாக எதைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அவள் நெற்றியில் பறந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

பிறகு அவள் கை மறுபடி உயர்ந்தது. சென்னியப்பன் பயந்துபோய் ஜன்னலைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது.

அவள் ஜன்னலைக் காட்டவில்லை.

முக்காலியில் ஆறிப்போயிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டினாள்.