குளவி குடியிருந்த துப்பாக்கி

கடலும் வானமும் கலந்து கிடந்த ஒரு பனிக்காலை. அக்கரைச் சீமை மருமகனுக்குச் சீராகத் தன் வேட்டைத் துப்பாக்கியை அனுப்பத் துறைமுகம் வந்த ஜமீன்தார், "இதால ஒன்பது புலி சுட்டேனாக்கும்!" என்று ஜம்பமடித்தார்.

"புலி சுட்ட துப்பாக்கி எங்க சமஸ்தானத்தை விட்டுப் போகக்கூடாது. சட்டம்," என்றார் சுங்க அதிகாரி.

ஜமீன்தார் தன் வேலைக்காரன் சடையனிடம் சீறினார். "சட்டப்படியே இதைக் கப்பலேத்து. இல்லேன்னா உனக்கு வேலையில்லை!"

சடையன் துப்பாக்கிக் குழலைக் கவிழ்த்துத் தட்டினான். பழைய குளவிக்கூடு மண்ணாய் உதிர்ந்தது. "காட்டுல வேட்டைப் பரண் ஏறினதும் ஐயா தூங்கிடுவாருங்க. சுட்டதெல்லாம் கனவுலதான்."

அதிகாரி சிரித்துக்கொண்டே அனுமதி முத்திரை குத்தினார். "அப்போ அந்தப் புலிங்க?"

பனிக்குள் கப்பல் மெல்ல ஊதியது.

"சௌக்கியமா இருக்குதுங்க. ஐயா குறட்டை கேட்டாத்தான் தைரியமா தண்ணி குடிக்கவே வரும்."