ஓனர் சோபாவுக்கு மழைக்காப்பு

பீளமேட்டில் கட்டில், சோபா, பிரிட்ஜ், சாப்பாட்டு மேசை எல்லாம் போட்டே ஒரு மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார் ராமாத்தாள். குடிவந்தவர்கள் நாச்சிமுத்து, பொங்கியண்ணன், துரைராசு என்ற மூன்று பிரம்மச்சாரிகள். கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால், "என்ற சாமானத்துல ஒரு கீறல் உழுந்தாலும் அன்னைக்கே காலி பண்ணிப்போடோணும்" என்று அவர் சொன்னபோது மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

அந்தப் பயத்தில்தான் காப்பீடு எடுத்தார்கள். ஏஜென்ட் மணிமேகலை நல்ல பெண். பொறுமையாகவே விளக்கினார்.

"தம்பிகளா, தீயோ மழையோ வந்து உங்க மெத்தை, துணிமணி போச்சுன்னா கம்பெனி காசு குடுக்கும். ஓனரம்மா சாமானத்துக்கு ஒண்ணும் வராது. ரெண்டையும் கலக்காம வெச்சுக்கோங்க."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் வேலை தொடங்கிவிட்டது. ராமாத்தாளின் சோபாவும் கட்டிலும் மேசையும் மொட்டை மாடிக்கு ஏறின. அங்கேதான் யார் கையும் படாதாம். பிரிட்ஜ் மட்டும் படிக்கட்டில் திரும்ப மறுத்தது. அதைத் தொடாமல் இருப்பதற்காகச் சமையலறையையே பூட்டிவிட்டுப் பன் வாங்கித் தின்றார்கள்.

சாயங்காலம் வானம் கறுத்தது. மூவரும் மொட்டை மாடியில் கூடி ஆலோசித்தார்கள்.

"சோபாவைக் கீழ கொண்டு போயிரலாமாடா?" என்றான் துரைராசு.

"கலந்திருமே!" என்றான் நாச்சிமுத்து.

"அப்ப எது நனைஞ்சா காசு வரும்?"

"நம்ம சாமானம் நனைஞ்சா."

"அப்படீன்னா நம்ம சாமானந்தான் நனையோணும்," என்று தீர்ப்புச் சொன்னான் பொங்கியண்ணன்.

மெத்தை, போர்வை, சட்டை எல்லாம் மேலே வந்து ராமாத்தாளின் சாமான்களைப் போர்த்தின. துரைராசு பெண் பார்க்கப் போவதற்கென்று வாங்கிய பட்டுச்சட்டை சோபாவின் கைப்பிடிக்குப் போனது. அப்படியும் மேசையில் ஒரு பக்கம் மூடாமல் கிடந்தது.

"நம்மகிட்ட இன்னும் என்ன மிச்சம்?"

"நாமதான்."

துரைராசு மேசைமேல் குப்புறப் படுத்துக்கொண்டான். மழை வெளுத்து வாங்கியது.

காலையில் மணிமேகலையை அழைத்து எல்லாவற்றையும் பெருமையாகக் காட்டினார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏந் தம்பி, மழை வந்தா உங்க சாமானத்த உள்ள எடுத்து வெக்க மாட்டீங்களா?"

"எடுத்து வெச்சா அப்பறம் எப்படிங்கக்கா நனையும்?"

"வேணும்னே நனைச்சா சல்லிக்காசு வராது. ஓனரம்மா வர்றதுக்குள்ள அவங்க சாமானத்த வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டுங்க!"

அப்படியே செய்தார்கள். கலக்கக் கூடாது என்பதால் ஈர மெத்தைகளோடு தாங்கள் மொட்டை மாடியிலேயே குடியேறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராமாத்தாள் வந்தார். தன் சாவியால் திறந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மாடியேறி வந்தவருக்கு வாயெல்லாம் பல்.

"குடித்தனம்னா இப்படியல்லோ இருக்கோணும்! எத்தன வருசமானாலும் இருங்க, கண்ணுகளா."

பொங்கியண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏனுங்கம்மா, இந்த மொட்டை மாடியும் உங்களுதுதானுங்களா?"

"ஆமா, பின்ன?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெத்தைகளைச் சுருட்டினார்கள். படி தேயாமல் நுனிக்காலில் இறங்கித் தெருவோரம் விரித்துப் படுத்தார்கள்.

"இனி நம்மள யாருடா காலி பண்ணச் சொல்ல முடியும்?" என்று நிம்மதியாகக் கண்ணை மூடினான் நாச்சிமுத்து.